மாப்பிள்ளைக்கு ஒரு சின்ன மதர்போர்டு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதும் கடிதம். இங்கு நான் நலம், உங்கள் அத்தை நலம், உங்கள் கம்ப்யூட்டரும் நலம். இதில் மூன்றாவது நலத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் உங்கள் அத்தை பக்கத்திலேயே நிற்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

நீங்கள் குடியிருக்கும் வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள், ஆறு மாதம் எங்காவது தங்க வேண்டும் என்று பாப்பா சொன்ன அன்றே நான் இங்கே அறையை ஒழிக்க ஆரம்பித்துவிட்டேன். சம்பந்தி வீட்டில் இடம் தாராளம், மறுக்கவில்லை. அங்கே ஹாலிலிருந்து கூப்பிட்டால் சமையலறையில் எதிரொலிதான் கேட்கும். நீங்களோ பெருந்தன்மையாக, "எந்த வீடா இருந்தா என்ன மாமா, உக்காந்து பிளான் வரைய ஒரு கம்ப்யூட்டர் வேணும், அவ்வளவுதான். மத்த சாமானெல்லாம் எங்கிட்ட இருக்கு. அந்த ரூமுக்கு அடங்குற மாதிரி சின்னதா ஒரு மதர்போர்டும் பெட்டியும் மட்டும் பாத்து வைங்க" என்றீர்கள். என் மகள் ஆறு மாதம் என் வீட்டில் இருப்பாளா மாட்டாளா என்பது அந்த மதர்போர்டில் வந்து தொங்குகிறது. பாப்பா போனதிலிருந்து இந்த வீட்டில் என்னோடு யாரும் சண்டை போடுவதில்லை மாப்பிள்ளை. உங்கள் அத்தை போடுகிறாள், ஆனால் அது வேறு கணக்கு. பாப்பா வர வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது.

அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். கட்டிலில் உட்கார்ந்தால் முழங்கால் மேஜையில் இடிக்கும். பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பவர் வெளியே போக வேண்டும். மேஜை மேல் தையல் மெஷின் போக மிச்சம் ஒரு மூலை. இந்த அளவை எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரிசு, நடுத்தரம், சின்னது என்று மூன்று போர்டுகளை எடுத்துப் போட்டார். சின்னது பதினேழு சென்டிமீட்டருக்குப் பதினேழு, சதுரம், லட்சணமாக இருந்தது. விலையைக் கேட்டால் நடுத்தரத்தைவிட அதிகம்! நான் வேலை செய்யும் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி சிறுத்தால் விலையும் சிறுக்கும். "குறைச்சலா குடுக்கறதுக்குக் கூட்டி வாங்குவீங்களா?" என்றேன். "எல்லாத்தையும் நெருக்கி நெருக்கி வைக்கணும்ல சார், நெருக்கறதுக்குத்தான் காசு" என்றார். நெருக்குவதற்குக் காசு உண்டென்றால் எங்கள் வீட்டில் எல்லாரும் கோடீஸ்வரர்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சின்னதில் ராம் செருக இரண்டே இடம், கார்டு செருக ஒரே இடம். நடுத்தரத்தில் ராமுக்கு நாலு இடம். எது உங்களுக்குப் போதும் என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கமே போய்விட்டது.

நானோ கம்பெனியில் மாதிரிப் பெட்டி செய்கிறவன். எதுவானாலும் முதலில் அட்டையில் டம்மி செய்து, அது இருக்கப்போகிற இடத்தில் சில நாள் வைத்துப் பார்க்காமல் ஆர்டர் எடுப்பது எங்கள் வழக்கத்திலேயே இல்லை. அதனால் சின்ன போர்டு அளவுக்கு ஒரு அட்டை வெட்டி, அதைச் சுற்றி ஒரு அட்டைப் பெட்டி மடித்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, சுவிட்ச் இருக்கிற இடத்தில் ஒரு கோட்டுப் பட்டனை ஒட்டி மேஜை மூலையில் வைத்தேன். தொழில் சுத்தம் என் பரம்பரை வியாதி. உங்கள் அத்தை உள்ளே வந்து பார்த்துவிட்டு, "வந்துடுச்சாங்க! அம்சமா இருக்கே! இனிமே பாப்பா வந்துடுவா இல்ல?" என்று கண் கலங்கினாள். அந்த முகத்தைப் பார்த்து அது அட்டை என்று எப்படிச் சொல்வேன்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

அவள் அதற்குப் பூப்போட்ட உறை தைத்தாள். தெருவில் இருக்கிறவர்களையெல்லாம் கூட்டி வந்து காட்டினாள். லைன்மேன் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அவள் அண்ணன் வந்து பெட்டி மேல் கையை வைத்துவிட்டு, "மச்சான், ரொம்ப ஹீட் ஆவுது, தாங்காது" என்றார். ஜன்னல் வெயில் அடித்தால் அட்டை சுடாமல் என்ன செய்யும்? அன்றிலிருந்து எங்களிடம் இருக்கிற ஒரே டேபிள் ஃபேன் பகல் முழுக்க அட்டைக்குக் காற்று வீசுகிறது. நான் வியர்வையில் உட்கார்ந்திருக்கிறேன். மீட்டர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து மேலே ஏறி வந்த வீட்டுக்காரர், "கம்ப்யூட்டருக்குக் கரண்ட் சார்ஜ் தனியா குடுத்துடுங்க" என்றார். "மருமகனோடது, குடுக்காம என்ன?" என்று உங்கள் அத்தை பெருமையாகச் சம்மதித்தாள்.

இதற்கு மேல்தான் விபரீதம். ஜன்னல் துடைக்கும்போது வாளித் தண்ணீர் பெட்டி மேல் கொட்டிவிட்டது. நான் வேலைக்குப் போயிருந்த நேரம். உங்கள் அத்தை அழுதுகொண்டே அண்ணனைக் கூப்பிட, அவர் பெட்டியைத் துண்டில் சுற்றி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். மெக்கானிக் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு. விட்டுட்டுப் போங்க" என்றானாம். அதில் பொய் ஒன்றும் இல்லை, உள்ளே மதர்போர்டு இல்லைதான். நான் தலையில் கைவைத்துக்கொண்டு, குட்டு உடைந்தது என்றே நினைத்தேன். ஆனால் அவன் இரண்டு நாளில் சரிசெய்து கொடுத்துவிட்டான்! திறந்து பார்த்தேன். என் அட்டையை எடுத்துவிட்டு வேறு அட்டை வைத்திருக்கிறான். நல்ல கனமான அட்டை, குறை சொல்ல முடியாது. ஆனால் நடுத்தர அளவு. "சின்னது ஸ்டாக் இல்ல, இது இன்னும் ஸ்பீடா இருக்கும்" என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறான். இப்போது பெட்டி மூடவில்லை. ஆனால் முன்னைக்கு இப்போது வேகம் தேவலாம் என்று அண்ணன் சொல்கிறார்.

ஆகவே மாப்பிள்ளை, இந்தக் கடிதம் எழுதக் காரணம் இரண்டு. ஒன்று, சின்னதா நடுத்தரமா என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள், அன்றே நிஜப் போர்டை வாங்கி ஓசைப்படாமல் மாற்றிவிடுகிறேன். இன்னொன்று, அதுவரை ஒரு பதினைந்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்த இடைவெளியில் சம்பந்தி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அங்கே ஒரு தடவை காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால் இங்கே வந்து மடக்க மனம் வராது.

நீங்களும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல், போட்டது போட்டபடி எல்லாம் வேலை செய்ய, நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். சம்பந்தி அவர்களுக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தைப் பற்றி அவர்களிடம் மூச்சு விட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை வந்து, "கம்ப்யூட்டர் ரிப்பேராகி வந்து முன்னவிட நல்லா ஓடுதுன்னு பாப்பாகிட்ட சொல்லிட்டேங்க. ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க, விடிஞ்சா இங்க இருப்பாங்க" என்கிறாள். ஆகவே இதைத் தபாலில் போடவில்லை, வாசலில் உங்கள் கையில் நானே கொடுப்பேன். மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். கம்ப்யூட்டர் தயார், அருமையாக ஓடுகிறது. பாப்பா பெட்டியைப் பிரித்துத் துணிமணிகளைப் பீரோவில் அடுக்கி முடிக்கும் வரை மட்டும் சுவிட்சைத் தொடாதீர்கள். அடுக்கி முடித்த பிறகு தாராளமாகப் போட்டுப் பாருங்கள்.