முட்டையில் பெயர் எழுதும் நாட்டில் ஒரு சஹன்

அன்பும் பிடிவாதமும் ஒருங்கே நிறைந்த என் தங்கச்சி, சாய்ந்தமருது ஸுஹைறாவுக்கு, உன் காக்கா அச்சிமுகம்மது பின்லாந்து தேசத்திலிருந்து ஸலாம் கூறி எழுதிக்கொள்வது.

இறைவன் கிருபையால் நான் சுகம். நீயும் உன் முழங்காலும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். இதை வெட்ட முடியாது. உன் மகள் ஸம்றா வாசிக்க வாசிக்க நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். இதில் வரும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று முதலிலேயே மனதார வாக்களிக்கிறேன். சத்தியம் மட்டும் கேட்காதே. பொய் வேறு, பாவம் வேறு.

நீ என்னை எதற்கு அனுப்பினாய் என்பதை நான் மறக்கவில்லை. உன் மகன் முர்ஷித், கடற்கரையில் பிறந்தவன், மீனைப் பற்றிப் படிக்கக் கடல் உறைந்து கிடக்கிற நாட்டுக்குப் போனான். நாங்களும் சந்தியில் பதாகை கட்டினோம். அதில் அவன் படத்தைவிட என் படம் பெரிது என்று இன்றைக்கும் சிலர் பொறாமைப்படுகிறார்கள். போன புதிதில் "உம்மா, இஞ்ச இரிக்க ஏலாது, நான் வாறன்" என்று அழுதான். நீ உடனே அவன் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கிப் போட்டாய். பிறகு அவனே, "இல்ல உம்மா, இன்னம் கொஞ்ச நாள் இருந்து பாக்கிறன்" என்றான். அன்றிலிருந்து நீ அவன் போன் கோல் எடுப்பதில்லை. "வந்து வாசல்ல நிண்டாத்தான் கதைப்பன். நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க காக்கா" என்று என்னைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டாய். போனேன். கண்டேன். கேள்.

இங்கே குளிர் எப்படியென்றால், ஆட்கள் கை சூடாக்குவதற்கு ஐஸ்பெட்டியைத் திறந்து அதற்குள் கையை வைக்கிறார்கள். பஸ் தரிப்பிடத்தில் ஒருவரை ஒருவர் தொட்டுவிடக்கூடாது என்று அவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். நான் நின்ற வரிசையில் கடைசி மனிசன் அடுத்த ஊரில் நின்றான், அவன் வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். நான் ஒரு கிழவருக்குச் சிரித்தேன். அவர் வீட்டுக்குப் போய் யோசித்து, அடுத்த கிழமை வந்து திருப்பிச் சிரித்தார். முர்ஷித் இருக்கிற விடுதியிலோ சமைக்கிற குசினி ஒன்றுக்கு ஆறு பேர், ஆனால் ஒருவன் உள்ளே வந்தால் மற்றவன் வெளியே போய்விடுவான். ஐஸ்பெட்டியில் பாலுக்குப் பெயர், பட்டருக்குப் பெயர், முட்டைக்கும் தனித்தனியே பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். போட்ட கோழிக்கே அந்த உரித்து இல்லை.

"என்னடா மனே, இது விடுதியா, மையத்து அடக்குற மையவாடியா?" என்று கேட்டேன்.

"மையவாடியிலயாவது வாற ஆக்கள் ஸலாம் சொல்லுவாங்க மாமா" என்றான்.

அழுவான் என்று நினைத்தேன். சட்டைக்கையை மடித்துக்கொண்டு, "மாமா, இவனுகள ஒரு சஹனில இருத்தப்போறன்" என்றான். நம்முடைய கந்தூரியில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் தின்கிறோமே, அந்தச் சஹன். முட்டையில் பெயர் எழுதுகிறவனை ஒரே தட்டில் கைபோட வைக்க நினைத்தான் உன் பிள்ளை. இப்படி ஒரு துணிச்சல் நம்முடைய குடும்பத்தில் வேறு யாருக்கும் வந்ததில்லை, எனக்கு இரண்டு தரம் வந்திருக்கிறது.

சஹனுக்கு, குசினியில் ரொட்டி சுடுகிற போறணையின் தட்டைக் கழற்றினான். நீ கொடுத்துவிட்ட கருவாட்டைப் பொரித்தான். அந்த வாசத்துக்கு விடுதியின் அபாயமணி அடித்தது, அது அடித்ததைக் கேட்டுப் பக்கத்து ஊர் மணியும் அடித்தது, ஏழு வண்டியில் தீயணைப்புக்காரர் வந்து தண்ணீர்க் குழாயோடு உள்ளே பாய்ந்து, மூக்கை உறிஞ்சி, குழாயைக் கீழே வைத்துவிட்டுக் கைகழுவ எங்கே என்று கேட்டார்கள். சோறோ குழைந்து களியாகிவிட்டது. கரண்டியை நட்டால் கொடிமரம் மாதிரி நின்றது. "இது என்ன உணவு?" என்று ஒருவன் கேட்க, "எங்கட ஊர் விசேஷம்" என்று உன் மகன் கூசாமல் சொன்னான். மிச்சத்தை ஒருவன் சன்னல் வெடிப்பில் அப்பினான். அன்றிலிருந்து அந்த அறைக்குள் குளிர் வரவில்லை.

பிழை எங்கே நடந்தது என்றால், முர்ஷித் சஹனின் ஒழுங்கைச் சொல்லிக் கொடுத்ததில்தான். "அவரவர் முன்னால இருக்கிறத மட்டும் எடுக்கணும்" என்றான். அது அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. அளவுகோல் கொண்டுவந்து சோற்றில் எல்லை போட்டார்கள். "மத்தவர் திண்டு முடிக்காம எழும்பக்கூடாது" என்றான். அங்கேதான் கெட்டது. நமக்கென்றால் யாராவது ஒரு பெரிய மனிசன் வயிறு நிறைந்து சத்தமாக ஏவறை விட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்பார், எல்லாரும் எழும்பிவிடுவோம். அதைச் சொல்ல மறந்துவிட்டான். ஒருவனும் மற்றவனை முந்தி எழும்பும் மரியாதைக்கேட்டைச் செய்யத் தயாரில்லை. இருந்தார்கள். இருக்கிற வெட்கத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். கதை முற்றி, ஒருவன் முட்டையிலிருந்த பெயரை அழித்தான். பல்கலைக்கழகத்தில் ஆளில்லை என்று பேராசிரியர் தேடிவந்து, அவரும் சம்மணமிட்டு, பாடத்தைச் சஹனைச் சுற்றியே நடத்தி, பரீட்சையையும் அங்கேயே வைத்துவிட்டார். கடைசியில் நான் ஏவறை விட்டுத்தான் அந்த நாட்டை எழுப்பினேன்.

தங்கச்சி, விசயத்துக்கு வாறேன். "பயணப்பையைக் கட்டு, உம்மா கூட்டிவரச் சொன்னா" என்றேன். "மாமா, இப்பதான் இவனுகள் என்னோட கதைக்கத் தொடங்கினவனுகள். இப்ப வந்தா நான் தோத்த மாதிரி. ஆனா உம்மா கதைக்காம இருந்தா எனக்குப் படிக்கவும் ஏலாம இரிக்கி" என்றான். நான் பையை இறக்கி வைத்துவிட்டேன். நீயே யோசி. படிப்பை விட்டுவிட்டு வந்தாலும் உன் வீட்டிலா இருக்கப்போகிறான்? நம்முடைய ஊரில் கலியாணம் முடித்த எந்த மாப்பிள்ளை உம்மா வீட்டில் இருந்தான்? நானே உம்மா வீட்டிலிருந்து மூன்று மதில் தள்ளிப் பெண்சாதி வீட்டுக்குப் போய், இன்னும் அங்கே விருந்தாளியாகத்தான் இருக்கிறேன். அதற்கு ஊரைக் கூட்டிச் சிரித்துக்கொண்டு அனுப்புவாய். இதற்கு மட்டும் கோல் எடுக்கமாட்டாய்.

மச்சானுக்கு ஸலாம். ஸம்றாவின் கண்ணுக்கு இந்த எழுத்து நோவு தராதிருக்கட்டும். உன் கோபத்தின் ஆயுள் குறைந்து உன் ஆயுள் நீள அல்லாஹ் அருள்புரிவானாக.

இப்படிக்கு,
உறைபனியிலும் உருகி நிற்கும்
அச்சிமுகம்மது காக்கா

பி.கு: உறையில் கொழும்பு வெள்ளவத்தைத் தபால் முத்திரை இருப்பதைப் பார்த்து ஸம்றா கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். நான் பின்லாந்துக்குப் போகவில்லை. விசாக் கொடுக்கிற இடத்தில் "எதற்காகப் போறீங்க?" என்று கேட்டார்கள், "பொடியனத் திருப்பிக் கூட்டி வர" என்றேன், அப்படி ஒரு விசா அவர்களிடம் இல்லையாம். உன் முகத்தில் எப்படி முழிப்பது என்று தெரியாமல் சினேகிதன் மீராசாவின் கடை மாடியில் படுத்திருக்கிறேன். குளிர், கிழவர், தீயணைப்பு, பேராசிரியர் எல்லாம் என் கைச்சரக்கு. சோறு குழைந்தது மட்டும் உண்மை. அரிசிக்கு எவ்வளவு தண்ணி விடுவது என்று கேட்கத்தான் அன்றைக்கு முர்ஷித் உனக்குப் போன் அடித்தானாம். அடித்து அடித்துப் பார்த்துவிட்டு எனக்கு அடித்தான். நான், "நல்லா விடு மனே" என்றேன். வாற வெள்ளிக்கிழமையும் சோறு ஆக்கப்போகிறானாம்.