பஜ்ஜி அண்ணாச்சியின் டெம்போ

பம்பாயில் ஓடுகிற இத்தனை லட்சம் வண்டிகளில் ஏகாதசி விரதம் இருந்த ஒரே வண்டி எங்கள் பஜ்ஜி அண்ணாச்சியின் டெம்போதான்.

அண்ணாச்சி பஜ்ஜி விற்றவர் அல்ல. போன வருடம் வரை நாங்கள் குடியிருந்த தாராவிக் கட்டிடத்தின் தரைத்தளத்தில் அவரும் மனைவி இசக்கியக்காவும் இட்லி அவித்து, விடியற்காலையில் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்த் தெருவோர வியாபாரிகளுக்குக் கொடுப்பார்கள். அந்த டெம்போ பஜ்ஜி பொரித்த எண்ணெயில் ஓடியது. பெயர் அப்படி வந்தது.

"டீசலுக்குப் பாலைவனத்துல போயித்தான் தோண்டணுமா? வடைச்சட்டியிலேயே கெடக்கு!" என்பார். மாட்டுங்காவிலிருந்து செம்பூர் வரை எந்தக் கடையில் எண்ணெய் கறுத்தாலும் அது கடைசியில் அண்ணாச்சியின் டப்பாவுக்கு வந்து சேரும். வடிகட்டி, சூடாக்கி, ஸ்பிரிட்டும் காஸ்டிக் சோடாவும் கலந்து தெளியவிடுவார். இதற்கு 'மருந்து போடுதது' என்று பெயர். அடியில் தங்குவது சோப்புக்கு, மேலே நிற்பது வண்டிக்கு.

ஒரு மராத்திக் கடைக்காரர் விரதக்காரர்களுக்காக ஜவ்வரிசி வடை சுட்ட எண்ணெயைத் தருவார். அதற்குத் தனி டப்பா. ஏகாதசியன்று அதைத்தான் அண்ணாச்சி ஊற்றுவார். "இன்னைக்கு வண்டி உபவாசம்லா." மீன் வறுத்த எண்ணெயைச் சனிக்கிழமை தொடமாட்டார். மற்ற நாட்களில் வண்டி அசைவம்.

டப்பாவைத் திறந்து ஒரு முறை மோந்து பார்த்தால் போதும், ஜாதகம் சொல்லிவிடுவார். "இது ஸ்டேஷன் பக்கத்து போண்டா. ஆறு தடவ பொரிச்சிருக்கான், களவாணிப்பய." அதைக் கேட்டு எங்கள் கட்டிடமே அந்தக் கடை போண்டாவை நிறுத்தியது. அண்ணாச்சி மட்டும் அங்கே எண்ணெய் வாங்குவதை நிறுத்தவில்லை.

வண்டி விடும் புகையின் வாசனையில் பாதி ஊருக்குப் பசி எடுக்கும். ஒரு முறை சிக்னலில் போலீஸ் ஹவல்தார் நிறுத்தி, உள்ளே என்ன பொரிக்கிறாய் என்று இந்தியில் மிரட்டினார்.

"சாப், ஏ வடா நஹி, துவா ஹை!" வடை இல்லை, புகை என்று அண்ணாச்சி சத்தியம் செய்தார். அவர் நம்பவில்லை. பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் நிலைமை வேறு. மருந்து சரியாகக் கலக்கிறதா என்று அண்ணாச்சி முதலில் சோதித்தது இசக்கியக்காவின் மிக்ஸியில்.

"எம் மிக்ஸில டீசல அரைக்கிற மனுசன் உலகத்துல உண்டுமா? இப்ப சட்னி அரச்சா நுரை வருது!"

"நுரை வந்தா சுத்தம்னு அர்த்தம், பிள்ள."

அந்த வாரமே புது மிக்ஸி வந்தது. பழையதில் யார் கையும் படவில்லை.

தீபாவளிக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு சோப்புக் கட்டி. மரியாதைக்காக ஒரு நாள் தேய்த்துக் குளித்துவிட்டு, மாட்டுங்காவில் நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். தலைமை எழுத்தர் பத்து மணிக்கே டிபன் டப்பாவைத் திறந்துவிட்டார். எங்கிருந்தோ வரும் வெங்காயப் பக்கோடா வாசனையில் பசி பொறுக்க முடியவில்லை என்றார்.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிக்கவில்லை. நான் கேஸ் அடுப்பை மூடிவிட்டு மூன்று முறை திரும்பி வந்து பார்ப்பவள். அண்ணாச்சியின் ஸ்பிரிட் டப்பாக்கள் எங்கள் படுக்கையறைக்கு நேர் கீழே இருந்தன. கணவருக்கு சூரத்தில் வேலை, வீட்டில் நானும் மகள் நித்யாவும்தான். சொசைட்டி செக்ரட்டரியிடம் புகார் எழுதிக் கொடுத்தது நான்தான். அண்ணாச்சிக்கும் அது தெரியும். மறுவாரமே எல்லாவற்றையும் மான்குர்த்தில் மச்சினன் கொட்டகைக்கு மாற்றிவிட்டு, படியில் என்னைப் பார்த்ததும், "இப்ப நிம்மதியா தூங்குதியளா தங்கச்சி?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே விசாரித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அடுத்த ஜனவரியில் அந்த டெம்போவில் நானே ஏற வேண்டி வந்தது.

நித்யாவுக்கு இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு. கல்யாண் ஸ்டேஷனுக்கும் அப்பால் ஒரு கல்லூரியில் மையம். காலை எட்டரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், அதன்பிறகு கடவுளே வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். டாக்சிக்குச் சொல்லியிருந்தேன். விடிந்தால் ஆட்டோ, டாக்சி வேலைநிறுத்தம். ரயிலில் கல்யாண் வரை போய்விடலாம். அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் எதில் போவது? ஐந்தரை மணிக்கு ஹால் டிக்கெட்டோடு வாசலில் நின்று அழுதேன்.

"அம்மா, டென்ஷன் மத் லே," என்று தேற்றினாள் நித்யா.

இட்லி ஏற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி திரும்பினார். "எதுக்கு அழுதிய? ஏறுங்க ரெண்டு பேரும்."

"அண்ணாச்சி, இது கல்யாண் தாண்டிப் போகுமா?"

"கல்யாண் என்ன, காசிக்கே போவும். நேத்துதான் ஒசத்தியான எண்ணெய் ஊத்திருக்கேன். வியாபாரத்த இன்னைக்கு அங்கன பாத்துக்கிடுதேன்."

முன்சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். பின்னால் இட்லிப் பாத்திரங்கள், ஒரு பெரிய அண்டா சாம்பார். தானே நகரம் வரைக்கும் டெம்போ பறந்தது. தானே தாண்டியதும் ஒரு இருமல். பிறகு இரண்டு. பிறகு நெடுஞ்சாலை ஓரத்தில் அமைதி. மணி ஆறே முக்கால்.

அண்ணாச்சி அடியில் படுத்து ஃபில்டரைக் கழற்றிக் கொண்டுவந்தார். உள்ளே வெண்ணெய் மாதிரி வெள்ளையாக உறைந்திருந்தது.

"என்ன எண்ணெய் ஊத்தினீங்க?" என்று கத்தினேன்.

"தேங்காண்ணெய், தங்கச்சி. மாட்டுங்கா சிப்ஸ் கடைல, நேந்திரங்கா பொரிச்சது குடுத்தான்."

"மருந்து போட்டீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். "தலைல தேய்க்கிற எண்ணெய்ல்லா. அதுல போயி காஸ்டிக் சோடா போட மனசு வரல. அப்படியே வடிகட்டி ஊத்திட்டேன். டேங்குல மிச்சம் கெடந்த பழசுலதான் இம்புட்டு தூரம் ஓடியிருக்கு."

நித்யா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "மெல்டிங் பாயின்ட் இருபத்தி நாலு டிகிரி. இப்ப பதினேழுதான் இருக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலை அவள் தலைக்கு எண்ணெய் வைக்க, கட்டியாகிக் கிடந்த பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி வைத்திருந்தேன். ஜனவரியில் எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

"வெந்நீர் வேணும், அண்ணாச்சி! சூடு காட்டினா உருகிடும்!"

"நடுரோட்டுல வெந்நீருக்கு எங்க போவ?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பின்பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

அண்டா மூடியைத் திறந்ததும் ஆவி அடித்தது. அண்ணாச்சி ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார்; இசக்கியக்காவை நினைத்திருப்பார். பிறகு ஃபில்டரை வழித்து மாட்டிவிட்டு, தோள் துண்டைச் சாம்பாரில் முக்கி எண்ணெய்க் குழாயைச் சுற்றினார். நான் டேங்க் மேல் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். நித்யா ஒரு கையில் ஃபார்முலா நோட்டும் இன்னொரு கையில் டார்ச்சுமாக நின்றாள். முருங்கைக்காய் துண்டுகள் சக்கரத்தடியில் உருண்டன.

ஒரு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார். "அரே பாய், காடி கோ நாஷ்தா கரா ரஹே ஹோ க்யா?" வண்டிக்கு டிபன் கொடுக்கிறீர்களா என்று கிண்டல்.

"ஆமா, அது சாப்புட்டாத்தான் நாங்க போவ முடியும்!" என்று தமிழிலேயே கத்தினேன். அப்படி நடுத்தெருவில் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

ஏழேகாலுக்கு டெம்போ கனைத்தது. வழியில் இரண்டு முறை மறுபடி இருமியது, இரண்டு முறையும் இறங்கி அதற்குப் பரிமாறினோம். கல்லூரி வாசலை அடைந்தபோது மணி எட்டு இருபத்திரண்டு. நித்யா ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் ஓடினார்கள். பிறகு கதவு சாத்தப்பட்டது.

திரும்பினால் அண்ணாச்சியைக் காணோம். டெம்போவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன்; குடிக்காமல் பக்கத்தில் வைத்தார்.

"பிள்ள உள்ள போவலேன்னா, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு தங்கச்சி நான் உங்க முன்னாடி நிப்பேன்?"

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். டீயைக் குடித்துவிட்டு அவர் எழுந்து, காத்திருந்த பெற்றோர்களுக்கெல்லாம் இட்லி எடுத்துக் கொடுத்தார். சாம்பார் எங்கே என்று ஒருவர் கேட்டார். "வண்டி குடிச்சிட்டுது," என்றார் அண்ணாச்சி.

மதியம் நித்யா வெளியே வந்தாள். கெமிஸ்ட்ரி பரவாயில்லை, மேத்ஸ் கஷ்டம் என்றாள். அதற்குள் வேலைநிறுத்தத்தை வாபஸ் வாங்கியிருந்தார்கள். நான்கு நிமிடத்தில் டாக்சி வரும் என்று என் போன் காட்டியது.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "அதுலயே போங்க தங்கச்சி. ஏசி இருக்கும். பிள்ள அலுத்துப் போயிருக்கா."

போனைப் பைக்குள் போட்டேன். நித்யாவை நடுவில் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, டெம்போவில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

"மெதுவாவே போங்க அண்ணாச்சி. அவசரம் ஒண்ணுமில்ல."