ஊ தமிழ்மணி அவர்கள் ‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்த வேண்டியது குறித்து

பசுந்தாங், யாங்கோன்
செவ்வாய்க்கிழமை காலை, மின்சாரம் வருவதற்கு முன்

தன்லியினில் டயர் வியாபாரம் செழிக்க நடத்திவரும் பர்மிய மரியாதைக்கு ‘ஊ’வும் நம் மரியாதைக்கு ‘அவர்களு’மாக மதிப்புக்குரிய ஊ தமிழ்மணி அவர்களுக்கு, தாங்கள் எல்லாரும் ‘ஸயா’ என்று அழைக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ராஜரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவி ஜெயம்மாவும் மகள் ரேவதியும் சுகம். மின்சாரமும் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் சுகம். அங்கு தாங்களும், மாப்பிள்ளை உதயசூரியனும், முக்கியமாகத் தங்கள் தமக்கையார், பெண்களுக்குரிய அதே பர்மிய மரியாதையுடன் டோ கனகாம்பாளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். ‘சம்பந்தி’ என்றுதான் தொடங்கப் போனேன். இன்னும் தாம்பூலம் மாறவில்லை என்று ஜெயம்மா பேனாவைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

விஷயம், தங்கள் கடைக் கணினியில் நான்கு நாளாக நிற்கும் பெட்டியைப் பற்றியது. அதில் ‘ஏற்கிறேன்’, ‘அகற்று’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் தொட மாட்டேன், பெட்டி நிற்கிறவரை நிச்சயதார்த்தமும் நிற்கட்டும் என்று தாங்கள் சொல்லிவிட்டு, அதன் பிறகு என் அழைப்பையும் எடுக்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை நிச்சயம். சமையல்காரருக்குச் சொல்லியாயிற்று. நான் கணினியைத் திறந்தால் ரேவதி அறையை விட்டு எழுந்து போகிறாள். ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் மாட்டும் நாட்காட்டி சென்னையில் அச்சாகிறது. அங்கே கடிகாரம் ஒன்று, இங்கே ஒன்று. ராகு எந்தக் கடிகாரத்தைப் பார்த்து வருவார் என்று தினமும் பத்துப் பேர் எனக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். யாங்கோன் சூரிய உதயத்தை வைத்து நானே கணக்குப் போட்டேன். லான்மடாவில் கணினி பழுது பார்க்கும் நண்பர் ஷாநவாஸ் அதை நீட்டிப்பாக எழுதித் தந்தார். நீட்டிப்பு என்பது, சைக்கிளுக்கு நாம் வாங்கிப் பொருத்தும் மணி மாதிரி, பிரவுசரில் பொருத்திக்கொள்ளும் சின்னச் சாமான். புதுப் பக்கம் திறந்தால் அன்றைய நல்ல நேரம் தெரியும், அவ்வளவுதான். இதை கேலரி என்கிற இணையக் கடையில் வைக்க வேண்டும். முகம் தெரியாத பரிசோதகர் ஒருவர் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே வரும், ஒரு புள்ளி திருத்தினாலும் மறுபடி அவரிடமே போக வேண்டும். படத்தின் அகலம் சரியில்லை என்று ஒரு முறை திருப்பினார், விளக்கத்தில் பாராட்டுரை இருக்கக் கூடாது என்று இன்னொரு முறை. முப்பத்தாறு வருடம் நான் சிவப்பு மையால் சுழித்த பிள்ளைகள் எல்லாரையும் அப்போது நினைத்துக்கொண்டேன். கடைசியில் வெளிவந்து நாற்பத்தொரு பேர் பொருத்திக்கொண்டார்கள். நாற்பத்தொரு பேரும் நம் சொந்தக்காரர்கள்.

பெண் பார்க்க வந்த அன்று, மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியாவைச் சாப்பிட்டுக்கொண்டே தாங்கள் சொன்னது நினைவிருக்கலாம். “ஸயா, உங்க சாமான் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் எங்க புதுப் பக்கம் திறக்கிறேன்? காலைல திறந்த தங்க விலைதான் சாயந்தரம் வரைக்கும். எந்தப் பக்கத்துல இருந்தாலும் ஓரத்துல ராகு காலம் தெரியிற மாதிரி பண்ணிருங்க.” குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்ட முதல் சீர் அது, மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஷாநவாஸ் அப்போதே எச்சரித்தார். “எல்லாப் பக்கத்துலயும் ஓரத்துல எழுதணும்னா எல்லாப் பக்கத்துக்கும் அனுமதி கேக்கணும் ஸயா. புது வெர்ஷன் போன உடனே அவங்க திரையில ஒரு பெட்டி வரும். அது கொஞ்சம் முரட்டுத்தனமாப் பேசும்.”

“முன்னால ‘தாங்கள் விரும்பினால்’னு சேர்க்கலாமே.”

“பிரவுசர்காரன் எழுதின வாசகம். நம்மளால ஒரு எழுத்து தொட முடியாது.”

அந்தப் பெட்டி, தங்கள் கடையில் வாடிக்கையாளர்கள் நிறைந்திருந்த வேளையில், டோ கனகாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது வந்திருக்கிறது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்திருக்கிறார். ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் எல்லாத் தரவையும் படிக்கவும் மாற்றவும் முடியும்.’ படித்துவிட்டு அவர் சொன்னது பஸ் ஏறிப் பசுந்தாங் வரை வந்துவிட்டது. “இன்னும் தட்டே மாத்தல. அதுக்குள்ள பொண்ணோட அப்பாவுக்கு உன் எல்லாத்தையும் படிக்கணுமாம், மாத்தணுமாம்.”

அன்று மாலையே தாங்கள் கேலரியில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, ‘நேரம் சரி. ஆள் சரியில்லை’ என்று எழுதினீர்கள். அதற்குக் கீழே நான் பதில் எழுதியது என் தவறு. தங்களுக்கு மட்டும் போகும் கடிதம் என்று நினைத்து, நிச்சய நாள், ரேவதியின் நட்சத்திரம், என் இரத்தக்கொதிப்பு எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டேன். நாற்பத்தொரு வீட்டிலும் படித்துவிட்டார்கள். ஜெயம்மா கேட்டாள், “அவர் ஒரு வரில முடிச்சத நீங்க எதுக்கு மூணு பக்கத்துக்கு விளம்பரம் பண்ணினீங்க?”

உடனே அந்த அனுமதியை நீக்கி ஒன்று புள்ளி மூன்றாம் வெர்ஷனை அனுப்பினேன். படிவத்தில் ‘இந்த நீட்டிப்பின் ஒரே நோக்கம் என்ன?’ என்று ஒரு கட்டம். பொய் எழுதிப் பழக்கமில்லை. ‘என் மகளின் கல்யாணம் நல்லபடியாக நடப்பது’ என்று எழுதினேன். நோக்கம் தெளிவாக இல்லை, நீட்டிப்பின் செயலோடு பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். விளக்கம் கேட்டு எழுதினேன். அதே இரண்டு வரி திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே இரண்டு வரி, முற்றுப்புள்ளி உட்பட. ஆகவே அந்தப் பழைய பெட்டி அப்படியே நிற்கிறது. அதை நகர்த்த இனி தங்களால் மட்டுமே முடியும்.

வகுப்பில் தினமும் ஒரு பிள்ளை கரும்பலகையின் ஓரத்தில் தேதி எழுதுவான். அதற்கு அவன் கையில் சுண்ணக்கட்டியையும் அழிப்பானையும் கொடுத்து முழுப் பலகைக்கும் முன்னால் நிறுத்தத்தான் வேண்டும். அவன் நினைத்தால் நான் போட்ட கணக்கு முழுவதையும் அழிக்க முடியும். ஆனால் முப்பத்தாறு வருடத்தில் ஒரு பிள்ளையும் அழிக்கவில்லை, தேதியை எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவான். பெட்டி சொல்வது முடியும் என்பதை மட்டும். நான் சொல்வது, செய்ய மாட்டேன் என்பதை. தாங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பசுந்தாங் முருகன் மேல் ஆணையாக ஓரத்தில் ராகு காலத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

ஆகையால் தயவுசெய்து ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்துங்கள். இந்தக் கடிதம் ஒரு மணி பஸ்ஸில் தன்லியினுக்கு வருகிறது. தங்கள் கடையில் வியாபாரமும், வீட்டில் பேச்சும் சிரிப்பும், தமக்கையாரின் கண்ணாடிக்குத் தெளிவும் பெருக வாழ்த்துகிறேன். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள்.

தங்கள் விரலை எதிர்பார்த்திருக்கும்,
ராஜரத்தினம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது மின்சாரமும் டோ கனகாம்பாளின் அழைப்பும் ஒன்றாக வந்தன.

“ஸயா, படிக்கவும் மாற்றவும் முடியும்னு போட்டிருக்கே, அது நிசமா?”

“முடியும் அம்மா. ஆனால் நாங்கள் படிக்க மாட்டோம்.”

“ஏன் படிக்க மாட்டீங்க? நாள் பூரா தங்க விலைதான் பாக்குறேங்கிறான் எங்க தமிழ்மணி. தங்கம் பாக்குறவன் எதுக்குத் தனியாச் சிரிக்கணும்? அவன் எந்தப் பக்கத்துல இருக்கான்னு என் கணினில ஓரத்துல காட்டுங்க. சாயந்தரம் நாலு மணிக்கு நானே கடைக்குப் போய் ‘ஏற்கிறேன்’ அழுத்திட்டு வந்துடுறேன். வெள்ளிக்கிழமை தட்டோட உங்க வீட்ல நிக்கிறேன்.”

பெண்ணைப் பெற்றவன் என்ன சொல்ல முடியும்? ஷாநவாஸ் அரை மணியில் எழுதிக் கொடுத்தார். என் எல்லா வெர்ஷனையும் திருப்பியவர்கள் இதையும் திருப்பிவிடுவார்கள் என்று உறுதியாக நம்பித்தான் அனுப்பினேன். ஒரே நோக்கம் என்ற கட்டத்தில், ‘தம்பி என்ன பார்க்கிறார் என்று அக்காவுக்குக் காட்டுவது’ என்று உண்மையையே எழுதினேன். தேநீர் ஆறுவதற்குள் அனுமதி வந்துவிட்டது. “ஸயா, இப்பத்தான் உங்க நோக்கம் தெளிவா இருக்காம்” என்றார் ஷாநவாஸ்.

ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் மறந்துவிட்டு, கடிதம் கைக்கு வந்த உடனே ‘அகற்று’ என்பதை அழுத்திவிடுங்கள். இன்று மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்கு முன்பே அழுத்துவது உத்தமம். பெட்டி எங்கே என்று தமக்கையார் கேட்டால், மின்சாரம் போனதில் அதுவும் போய்விட்டது என்று சொல்லுங்கள். என்னிடம் கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன், சம்பந்தி.