மீசைக்காரர் ஏன் ஓடினார்?

"சார்! என்ன சார், இப்படித் தலைதெறிக்க ஓடறீங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

பேக்கரிக்காரம்மா பாதி தூக்கிய ஷட்டரோடு நின்று கேட்டதும் மீசைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலை ஐந்தரை மணிக்குத் தெருவில் ஈ காக்கா இருக்காது என்று நம்பித்தான் ஓட ஆரம்பித்தார். ஆரம்பித்து நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் பிடிபட்டுவிட்டார்.

ஓடுவது குற்றமில்லைதான். ஆனால் இவர் ஓடுவது குற்றம். ஆறு மாதத்துக்கு முன்னால் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? தினமும் ஓடப் போகும் மச்சினனைப் பார்த்து, "துரத்த ஆள் இல்லாம ஓடறவனுக்கு மூளைல ஏதோ கோளாறுடா. நான் மட்டும் ஒரு நாள் அப்படி ஓடினேன்னு வை, இந்த மீசையை எடுத்துடறேன்!" என்று தொடையைத் தட்டிச் சொல்லிவிட்டார்.

"சரி மாமா. ரேசர் நான் கொண்டு வர்றேன்" என்றான் மச்சினன். லேசுப்பட்ட ஆள் இல்லை அவன்.

இருபத்திரண்டு வருஷத்து மீசை! கல்யாணத்துக்கு முன்பிருந்தே கூட இருப்பது. அதற்கென்று தனிச் சீப்பு, தனி எண்ணெய். அதன் அடியில் என்ன இருக்கிறது என்பது அவருக்கே மறந்துவிட்டது. பெண்டாட்டி பார்த்ததே இல்லை. இந்த வயதில் அவளுக்குப் புது முகத்தைக் காட்டி மிரள வைக்க அவருக்குத் தைரியம் கிடையாது.

இந்த நிலைமையில்தான் போன வாரம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உங்க ரத்தத்துல ரத்தத்தைத் தவிர எல்லாம் இருக்கு. நாளைலேர்ந்து அரை மணி நேரம் ஓடுங்க. இல்லேன்னா ஒரு நாள் உங்களைத் தூக்கிட்டு நாலு பேர் ஓட வேண்டி வரும்" என்று சொல்லி மனுஷனை வெலவெலக்க வைத்தார். மீசைக்காரர் இருபது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தில் படி என்று ஒன்று இருப்பதே அவருக்கு ஞாபகம் இருக்காது. கால் லிஃப்ட் வாசலுக்குத்தான் போகும், விரல் பட்டனைத்தான் தேடும். அப்படிப்பட்டவர், வேலைக்குப் போகிற மாதிரி பேன்ட் சட்டையும் தோளில் டூல்ஸ் பையுமாக, உயிருக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தார்.

பேக்கரிக்காரம்மாவுக்கு ஒரு பதில் வேண்டுமே!

"லிஃப்ட்ல... ஒருத்தர்... மாட்டிக்கிட்டார்மா!"

"ஐயையோ! அப்புறம் ஏன் சார் நிக்கறீங்க? ஓடுங்க, ஓடுங்க!"

அந்தம்மா கண்ணுக்கு மறையும் வரை நிற்க முடியவில்லை. தெருக் கோடியில் போய் விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். ஆனாலும் பரவாயில்லை, அருமையான காரணம். சம்பந்தப்பட்ட ஆள் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

மறுநாள், "இன்னிக்குமா சார்?" என்றாள் அந்தம்மா.

"இன்னிக்கு வேற ஆள்மா!"

மூன்றாம் நாள் பேப்பர்காரர் சைக்கிளைப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். "பின்னாடி ஏறுங்க சார், நான் கொண்டு போய் விடறேன். பாவம், யாரு உள்ள இருக்கறது?"

"மாசமா இருக்கற பொண்ணு!" என்று வாயில் வந்ததைச் சொன்னார் மீசைக்காரர். "நீ போப்பா, உன் சைக்கிள் வழியில பஞ்சராச்சுன்னா யார் பதில் சொல்றது?"

பேப்பர்காரர் வீடு வீடாகப் பேப்பரோடு இந்தச் செய்தியையும் போட்டார். அடுத்த நாள் பேக்கரிக்காரம்மா கண் கலங்க ஒரு பிஸ்கெட் பொட்டலத்தை நீட்டி, "அந்தப் பொண்ணுக்கு என்ன குழந்தை சார்?" என்று கேட்டாள்.

"ரெட்டைக் குழந்தைம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினார். வேறென்ன செய்வார்?

இதில் ஒரு வேடிக்கை, எட்டாம் நாள் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. இடுப்பில் பேன்ட் ஒரு விரல் தளர்ந்திருந்தது. அட, நன்றாகத்தான் இருக்கிறதே இந்த ஓட்டம் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. அன்றைக்குத்தான் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"என்னய்யா இது? நம்ம லிஃப்ட்ல எட்டு நாள்ல எட்டுப் பேர் மாட்டியிருக்காங்களாம்! ஒரு பிரசவம் வேற ஆயிருக்காம்! ஊரே லிஃப்ட்ல ஏற மாட்டேங்குது. ஏழாவது மாடிக்காரன்கூடப் படியில ஏறி இறங்கறான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே நீ!"

மீசைக்காரர் அவசரமாக ஒன்றை அளந்துவிட்டார். "சார், யாருமே மாட்டல சார். மாட்டினா எத்தனை நிமிஷத்துல போய்ச் சேரலாம்னு தினமும் ஓடி ஒத்திகை பாக்கறேன். அதை ஜனங்க..."

மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். வேலை போயிற்று என்று இவர் கண்ணை மூடினார். திறந்தபோது மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"உன்னை மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லைய்யா! பயந்து ஓடின ஜனங்களை லிஃப்டுக்குத் திரும்பக் கொண்டு வர்றதுக்கு நீதான் வழி!"

சாயங்காலத்துக்குள் ஊரிலிருக்கும் அவர் கம்பெனி லிஃப்ட் அத்தனையிலும் ஒரு போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. மீசையோடு அவர் படம். கீழே கொட்டை எழுத்தில், 'ஆபத்தா? சிவப்புப் பட்டனை அழுத்துங்கள். இவர் ஓடி வருவார்!' அவசர உதவி மேஜையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடமும், எங்கே யார் மாட்டினாலும் முதல் போன் இவருக்குத்தான் என்று உத்தரவு.

ராத்திரிச் சாப்பாடு இறங்குவதற்குள் மச்சினன் போன் வந்தது.

"மாமா, எங்க லிஃப்ட் திறந்தப்போ உள்ள உங்க போட்டோ பார்த்தேன். சூப்பர். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அக்கா வீட்டுக்கு வர்றேன். ரேசரோட."

"டேய், இருடா! துரத்த ஆள் இல்லாம ஓடினாத்தானே சவால்? நான் ஆளைக் காப்பாத்த ஓடறேன்!"

"அப்படியா? நீங்க காப்பாத்தின ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. மீசை உங்களுக்கு, ரேசர் எனக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி, "என்னங்க, வேர்க்குது உங்களுக்கு?" என்றாள். "ஓடினதுல" என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் யோசித்து ஒரே ஒரு வழிதான் தோன்றியது. காப்பாற்றின ஆள் இல்லையா? உண்டாக்கினால் போச்சு. அதுவும் அந்த மச்சினனையே!

மச்சினன் குடியிருப்பது ஏழாவது மாடி. ஞாயிற்றுக்கிழமையும் ஆறு மணிக்கு ஓடக் கிளம்பிவிடுவான். மீசைக்காரர் ஐந்தே முக்காலுக்கே அங்கே போய், லிஃப்டில் மொட்டைமாடிக்கு ஏறி, மெஷின் ரூமில் ஒரு ஒயரைக் கழற்றி வேறிடத்தில் மாட்டினார். இனி முதலில் இறங்குகிறவர் யாராக இருந்தாலும் நாலாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நிற்பார். இவர் கீழே தெருமுனையில் ஒளிந்திருப்பார். போன் வரும். ஓடி வருவார். கதவைத் திறந்து, "என்ன மாப்ளே, பயந்துட்டியா?" என்று கை கொடுத்துத் தூக்குவார். ஆஹா!

கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். மனசு முழுக்க மச்சினன் முகம் எப்படிப் போகும் என்ற நினைப்பு. வழக்கப்படி கால் நடந்தது, வழக்கப்படி விரல் அழுத்தியது. கதவு மூடியது. ஏழு, ஆறு, ஐந்து, நாலு என்று எண் இறங்குவதைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடக்!

ஒரு நிமிஷம் அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. விளங்கியதும், "அடப்பாவி!" என்று தன்னையே திட்டித் தலையில் அடித்துக்கொண்டார். எதிர்ச் சுவரில் போஸ்டர். இவர் ஓடி வருவார்!

அப்போது வெளியே தடதடவென்று காலடிச் சத்தம், கூடவே விசில். மச்சினன் படியில் இறங்கிக்கொண்டிருந்தான். ஊரே லிஃப்டுக்குப் பயந்து படியில் ஏறி இறங்குகிறது என்று மேனேஜர் சொன்னது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவன் தாண்டிப் போகட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் கை எப்போதோ சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டிருந்தது.

"வணக்கம் சார், அவசர உதவி!" என்று ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் கணீரென்று கேட்டது. "மாட்டிக்கிட்டீங்களா? கொஞ்சமும் பயப்படாதீங்க. எதிர்ல போட்டோல மீசையோட ஒருத்தர் இருக்கார் பாருங்க, இதோ அவருக்குத்தான் போன் போடறேன்."

மீசைக்காரர் சட்டைப்பையில் போன் அலற ஆரம்பித்தது. வெளியே விசில் நின்றது. காலடியும் நின்றது. அவர் மீசையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"போனை எடுக்க மாட்டேங்கறார் சார்" என்றது ஸ்பீக்கர். "நீங்க தைரியமா இருங்க, இந்நேரம் அவர் ஓட ஆரம்பிச்சிருப்பார்!"