ஆட்சேபணை இல்லாத மெம்பர்

சத்தம் போடாமல் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் இனம் உண்டு. ஜப்பானின் ஹினாதானி கிராமத்தில் அதன் பெயர் நிரசாவா யசுஜி. கிராம சபை மெம்பர். ஊழல் செய்தாரா என்கிறீர்களா? சேச்சே! அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமே!

சபையில் எட்டு இடம். நிற்பதற்கு ஒன்பதாவது ஆள் எந்தத் தேர்தலிலும் கிடைப்பதில்லை. அதனால் பதினாறு வருஷமாக ஒரு ஓட்டுக்கூட வாங்காமல் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் வேட்புமனு கொடுக்கும் அன்று, அந்த ஊர் வேட்பாளர்கள் வழக்கப்படி வெள்ளைக் கையுறை மாட்டி, ஒலிபெருக்கி கட்டிய குட்டி வேனில் ஏறி, "நிரசாவா! நிரசாவா யசுஜி!" என்று தன் பெயரைத் தானே கூவிக்கொண்டு, ஆள் இல்லாத வயலில் குருவி விரட்டும் பொம்மைக்கும் கையாட்டிவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

சபையில் அவருக்கு ஒரே வேலை. தலைவர் தீர்மானத்தை வாசித்து, "ஆட்சேபணை உண்டா?" என்பார். "ஆட்சேபணை இல்லை!" என்று முதல் குரல் நிரசாவாவுடையது. என்ன குரல்! மேஜையில் தேநீர்க் கோப்பை அதிரும். மற்ற ஏழு பேரும் அதற்குத்தான் காத்திருப்பார்கள்.

இந்த மார்கழியில் ஃபுசாயே என்ற அம்மாள் அவர் வாசலில் வந்து குனிந்து நின்றாள், கையில் ஒரு பை நிறைய பேரிக்காய்.

"மெம்பரய்யா, நம்ம ஊர் பஸ்ஸ நிறுத்தப் போறாங்களாமே? எங்க வீட்டுக்காரருக்கு வாரம் மூணு நாள் டவுன்ல ரத்தம் சுத்தம் பண்ணியாகணும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர் உசுரே அந்த பஸ்ஸுலதான் இருக்கு. நீங்கதான் பேசணும்."

நிரசாவா பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். "ஸ்ஸ்ஸ்... அது வந்து... கொஞ்சம்..." அவள் நகரவில்லை. "சரிம்மா, பேசறேன்."

நிஜமாகவே பேச நினைத்தார், பாவம். துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சபையில் ஒன்பது தீர்மானங்கள். பஸ் கடைசி. ஹீட்டர் இதமாகச் சுட்டது, தலைவர் குரல் தாலாட்டியது, எட்டு முறை கூவியாயிற்று.

"ஆட்சேபணை உண்டா?"

"ஆட்சேபணை இல்லை!"

கோப்பை அதிர்ந்தது. மற்ற ஏழு குரல்களும் பின்னாலேயே வந்தன. அப்போதுதான் மனுஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்! கை பாதி உயர்ந்தது.

"என்ன நிரசாவா, ஏதாவது சொல்லணுமா?"

ஒரு வார்த்தை போதும், ஐயா. ஒரே வார்த்தை! ஏழு தலைகள் திரும்பிப் பார்த்தன. உயர்ந்த கை தலையைச் சொறிந்தது.

"இல்லீங்க... ஹீட்டர் கொஞ்சம் ஜாஸ்தி."

உடனே குறைத்தார்கள். பதினாறு வருஷத்தில் அவர் சொல்லி நடந்த ஒரே காரியம் அதுதான்.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் ஃபுசாயே கேட்டாள்: "பேசினீங்களா மெம்பரய்யா?"

"பேசினேம்மா. முதல் ஆளா நான்தான் வாயத் திறந்தேன்."

அவள் கண்கலங்கி, இடுப்பு மடியக் குனிந்து கும்பிட்டாள். அவரும் பதிலுக்குக் குனிந்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்ப்பதைவிட அது வசதியாக இருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன ஞாயிறு உங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று செயலாளர் கேட்டபோது, செல்போனிலிருந்து நிமிராமலே, "சம்மதம், சம்மதம்!" என்றீர்களே, எதற்கு என்று ஞாபகம் இருக்கிறதா?