நான் லேபிள் ஒட்டிய இரண்டு புட்டிகள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கோழி கிளறியது போன்ற கையெழுத்து எனக்கு வாய்த்திருந்தால், என் மாமனார் கொல்லைப்புறத்தில் குடலைக் கக்கியிருக்க மாட்டார். என் கணவரும் நானூறு பேர் முன்னால் வாயைத் திறக்காமலே சொற்பொழிவு ஆற்றியிருக்க மாட்டார்.

மகாராஜா ஆண்ட காலம் அது. கொள்ளேகாலில் பட்டு வியாபாரி மகளாகப் பிறந்து, நாலாவது பாரம் வரை இங்கிலீஷ் படித்து, பதினெட்டு வயதில் மைசூருக்கு மருமகளாக வந்தேன். லஷ்கர் மொஹல்லாவில் வீடு. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். இருந்தது மூன்றே பேர்: காட்டிலாகாவில் ரேஞ்சராக இருந்து ஓய்வுபெற்ற மாமனார், கல்லூரியில் புதிதாக வாத்தியார் வேலைக்குச் சேர்ந்திருந்த கணவர், எல்லாம் தெரிந்த நான். (என்னைத் தட்டிக்கேட்க ஆளில்லாததை அப்போது பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.)

மாமனாருக்குக் காட்டில் பிடித்த மலேரியா காய்ச்சல் விட்டுவிட்டு வந்து ரத்தம் சுண்டிப் போயிருந்தது. கணவருக்குத் தொண்டைக் கட்டு. திங்கட்கிழமை சாயங்காலம் கல்லூரி ஆண்டு விழாவில் அவர்தான் வரவேற்புரை. அதனால் சனிக்கிழமை காலை மூவருமாகப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனோம். அப்போதெல்லாம் மருந்துக்குப் புட்டி நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஒரே மாதிரி இரண்டு பச்சைக் கண்ணாடிப் புட்டிகளை நான் தேய்த்துக் கழுவி எடுத்துப் போயிருந்தேன்.

கம்பவுண்டர் இரண்டையும் நிரப்பி, லேபிள் ஒட்டி, ஒன்றின் பக்கவாட்டில் வேளைக் கணக்குக்காகப் பல் பல்லாக வெட்டிய காகிதமும் ஒட்டினார். கூடவே ஒரு கண்ணாடிக் குழலும் தந்து, கன்னடத்தில் என்னவோ விளக்க ஆரம்பித்தார்.

"லேபிள்ல எழுதியிருக்குதில்லீங்க?" என்று கேட்டேன்.

"இருக்கம்மா, ஆனா இந்தக் குழல்..."

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வருமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் லேபிள்கள் கண்ணுக்குச் சகிக்கவில்லை. எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, மருந்து வழிந்து, மை கலங்கிக் கிடந்தது. பளபளக்கும் என் புட்டிகளுக்கு இந்த அலங்கோலமா? வெந்நீரில் ஊறவைத்து இரண்டு லேபிளையும் உரித்தேன். பல் பல்லாக இருந்த காகிதமும் அழுக்காகத்தான் இருந்தது, அதையும் சுரண்டினேன். நல்ல தாளில் முத்து முத்தாக எழுதினேன். ஒன்று 'குடிக்க', மாமனார் பெயர். இன்னொன்று 'கொப்பளிக்க', கணவர் பெயர். மை காய்வதற்குள் பால் பொங்கும் சத்தம் கேட்டு அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வந்து சோற்றுப் பசை தடவி ஒட்டினேன். எந்தப் புட்டி எது என்று எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் வரவில்லை. சந்தேகப்படுவதற்கும் கொஞ்சம் அறிவு வேண்டுமே!

அன்று மத்தியானமே வைத்தியம் தொடங்கியது. குழலை யோசித்துப் பார்த்து மாமனாருக்குக் கொடுத்தேன். (வயதானவர், உறிஞ்சிக் குடிக்கச் சுலபமாக இருக்கும் என்று நானே காரணமும் கண்டுபிடித்தேன்.)

அவர் ஒரு வாய் உறிஞ்சியதும் முகம் சுருங்கிப் போயிற்று. "அம்மா மரகதம், இது தொண்டையைப் பிடிச்சு முறுக்குதேம்மா."

"வேலை செய்யற மருந்துன்னா அப்படித்தானுங்க மாமா இருக்கும்."

கணவரோ கிணற்றடியிலிருந்து, "ஏய், இது ஆணி ஊறின தண்ணி மாதிரி இருக்கு!" என்றார்.

"துப்பப்போற தண்ணிக்கு ருசி எதுக்குங்க? நல்லா நேரம் வெச்சிருந்து கொப்பளிங்க."

பாவம், இரண்டு பேரும் சொன்னபடி செய்தார்கள். மாமனார் வேளை தவறாமல் உறிஞ்சினார். கணவர் இரண்டு மணிக்கு ஒருதரம் கன்னம் உப்ப நிறுத்திவைத்துக் கொப்பளித்தார், இடையிடையே காப்பி குடித்தார். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வயிற்றைப் பிரட்டுகிறது என்று சாப்பாட்டைத் தள்ளினார். நான் ரசம் வைத்துக் கொடுத்து, மருந்தையும் மறக்காமல் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை கணவர் அடுப்படி வாசலில் வந்து நின்று, "காப்பி ஆச்சா?" என்று சிரித்தார்.

நான் போட்ட கூச்சலில் கையிலிருந்த டவரா உருண்டது. வாய்க்குள் பல் இருந்த இடமெல்லாம் கரிக்கட்டை. நாக்கும் கறுப்பு. அதே சமயம் கொல்லைப்புறத்தில் மாமனார் மூன்றாம் முறையாக வாந்தி எடுக்கும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியாமல் சரிந்துகொண்டிருந்தார். அப்பாவையும் பிள்ளையையும் ஒரே வாரத்தில் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். கணவரை அவர் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் டாக்டர் வீட்டுக்கு ஓடினேன்.

டாக்டர் வந்து மாமனாரின் நாடியைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார். பிறகு புட்டிகளைக் கேட்டார். மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார்.

"யாரம்மா இதை ஒட்டினது?"

"நாந்தானுங்க."

"கையெழுத்து சன்னாகிதே, ரொம்ப சன்னாகிதே. புட்டிதான் அதலு பதலு ஆகிதே" என்றார். (கையெழுத்து ரொம்ப நன்றாக இருக்கிறதாம். புட்டி தலைகீழாக மாறிப்போனதைக் கன்னடத்தில் இத்தனை இனிமையாகச் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.)

மாமனார் இரண்டு நாளாகக் குடித்தது படிகாரம் கலந்த கொப்பளிப்பு மருந்து. கணவர் கொப்பளித்தது இரும்புச் சத்து மருந்து. அது பல்லில் படக்கூடாது என்றுதான் குழல் கொடுத்தார்களாம். பட்டதோடு காப்பியும் சேர்ந்ததால் மை மாதிரி ஏறிவிட்டதாம். இரண்டுமே தானாகச் சரியாகிவிடும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சில கொப்பளிப்பு மருந்துல கார்பாலிக் அமிலம் போடுவோம், குடிச்சா விஷம். இதுல அது இருந்திருந்தா நான் இப்ப வேற காரியத்துக்கு வந்திருப்பேன். லேபிள் அசிங்கமா இருந்தாலும் அது மேல கை வைக்காதீங்கம்மா."

என் இங்கிலீஷ், நாலாவது பாரம் எல்லாம் கண்ணீராக ஓடியது. மாமனார்தான் கட்டிலில் படுத்தபடியே கையை ஆட்டினார்.

"அவளைத் திட்டாதீங்க டாக்டர். முப்பது வருஷம் காட்டுல எந்த ஓடைத் தண்ணியையும் மோந்து பார்க்காம குடிச்சதில்ல. மருமக எழுதினதுன்னதும் கண்ண மூடிட்டு உறிஞ்சிட்டேன். கேக்காதது என் தப்புதான்."

கணவருக்கு உப்பு, கரித்தூள், எலுமிச்சம்பழத் தோல் எல்லாம் போட்டுத் தேய்த்தோம். ஈறுதான் சிவந்தது. சாயங்காலம் மேடையேறினார். இயல்பாக எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவர், அன்று உதட்டை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவில்லை. விருந்தாளி வேடிக்கையாகப் பேசியபோது சபையே குலுங்கியது, இவர் மட்டும் பாறை மாதிரி உட்கார்ந்திருந்தார். பிரின்சிபால் அதைக் கவனித்திருக்கிறார். இத்தனை கண்டிப்பான இளைஞரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று அடுத்த மாதமே அவரை மாணவர் விடுதிக்கு வார்டன் ஆக்கிவிட்டார். பல் வெளுப்பதற்குள் பையன்களுக்குப் பயம் வேரூன்றிவிட்டது.

மாமனார் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்தார். முதல் காப்பியை நீட்டினேன். வாங்கி, முகர்ந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "குடிக்கவா, கொப்பளிக்கவா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மருந்தோ மோரோ, இந்தக் கேள்வி இல்லாமல் யாரும் எதையும் கையில் வாங்குவதில்லை.

பல வருஷம் கழித்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் காப்பித் தட்டோடு வந்தாள். என் கணவர் பழக்க தோஷத்தில் டம்ளரைத் தூக்கி, "குடிக்கவா, கொப்பளிக்கவா?" என்று கேட்டுவிட்டார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளைப் பையன் மட்டும் மெல்ல எழுந்து டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்க வீட்டு வழக்கம் எப்படியோ அப்படியே செய்யறேன் மாமா. முற்றம் எந்தப் பக்கம்?" என்றார்.

அந்த நிமிஷமே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம்.