லாரிக்குப் போட்ட பிரிமணை

உத்திரமேரூர்,
12-6-1958

திருப்புட்குழி சம்பந்தி வேதகிரி அவர்கள் சமூகத்துக்குத் தாண்டவராயன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நான், என் சம்சாரம் ராணியம்மாள், லாரி மூவரும் சௌக்கியம். அங்கே மாப்பிள்ளையும் எங்கள் பவளமும் தங்கள் வீட்டம்மாளும் சௌக்கியமாயிருக்க உங்கள் ஊர்ப் பெருமாள் துணை.

அப்பாடா! திங்கட்கிழமை தாலி ஏறியபோது விட்ட பெருமூச்சை இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறேன். முகூர்த்தத்துக்குக் கால் மணி இருக்கும்போது நாங்கள் வந்து இறங்கியதைப் பார்த்து, பெண்ணுக்குச் சம்மதமில்லை, வழியெல்லாம் அடம்பிடித்தாள் என்று பந்தியில் பேசினார்களாம். சத்தியமாகச் சொல்கிறேன், அடம்பிடித்தது லாரி.

யுத்தத்தில் ஓடி ஏலத்துக்கு வந்த மிலிட்டரி லாரி அது என்பது தாங்கள் அறிந்ததே. நாலு பக்கமும் சக்கரம் இழுக்கும். பெட்ரோலையும் நாலு வாயால் குடிக்கும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு மெக்கானிக் முனிரத்தினம் வந்து, "நைனா, முன்னாடி சக்கரத்து நடுவுல, ஹப்புல கீற தட்டு ரெண்டையும் கழட்டிட்டா இஞ்சினு இழுக்காம முன்சக்கரம் சும்மா உருளும். பெட்ரோலு மிச்சம், ஸ்டியரிங்கும் லேசா திரும்பும்" என்றான். என் புத்தியும் புல் மேயப் போயிற்று. கழற்றினான். ஹப்பு வாயில் மண் போகாமலிருக்க நெய் டின்னை வெட்டி, அதே போல்ட்டுகளால் மூடி போட்டான். சுற்றிலும் போல்ட்டு ஓட்டையும் நடுவில் பெரிய ஓட்டையுமாக அந்த இரும்புத் தட்டுகள் கொல்லையில் கிடந்தன. ரோட்டில் லாரி ஜோராகத்தான் ஓடிற்று.

கல்யாணத்தன்று வழியில் செய்யாற்று மணலில் இறங்கினோம், தொலைந்தோம். பின்சக்கரம் மணலைத் தோண்டித் தோண்டி அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. முன்சக்கரம் சம்பந்தமில்லாத விருந்தாளி மாதிரி சும்மா கிடக்கிறது. முப்பது பேர் தள்ளியும் அசையவில்லை. முகூர்த்தத்துக்கோ மூணு மணி நேரந்தான் கீது. தட்டை மாட்டினா ஏறிடும், தட்டு வூட்ல கீதேன்னு முனிரத்தினம் தலையில கை வச்சிக்கினு குந்திட்டான். எனக்கு வேர்த்துக் கொட்டுது, பெத்த பொண்ணு மூஞ்சியைப் பார்க்க முடியலை. அப்போ லாரி மேலே சீர் அண்டாவைப் பிடித்துக்கொண்டிருந்த என் சம்சாரம், "இன்னா தேடிக்கினு கீறீங்க? இந்தத் தட்டா? அண்டா ஆடாம இருக்கட்டும்னு நான்தான் ரெண்டையும் பிரிமணையா வச்சிக்கீறேன்" என்றாள் பாருங்கள்! அவள் காலில் விழாத குறைதான். சீரையெல்லாம் மணலில் இறக்கி, தட்டை மாட்டி, ஒரு மணி நேரத்தில் கரையேறினோம். பவளம் கட்டிவந்த பட்டுப்புடவையில் இருந்த கிரீஸ் கறையைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு போல்ட்டும் மணலில் விழாமல் அத்தனையையும் மடியில் ஏந்தியது அவள்தான். சம்மதமில்லாத பெண்ணா செய்வாள்?

பெட்ரோல் போனால் போகட்டும், அந்தத் தட்டை இந்த ஜென்மத்தில் இனிக் கழற்றுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் மாப்பிள்ளையை மறுவீட்டுக்கு அழைக்க அதே லாரியில் ஆற்றைத் தாண்டி வருகிறேன். தாங்கள் எதற்கும் கவலைப்படவேண்டாம். மணமக்களுக்கு எங்கள் ஆசி, சம்பந்தியம்மாளுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
தாண்டவராயன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் லாரியைப் பார்க்கப் போனேன். ஹப்பில் மறுபடியும் நெய் டின் மூடி மின்னுகிறது! சீர் அண்டா பிரிமணை இல்லாமல் வந்ததென்று சம்பந்தியம்மாள் முகம் சுளித்தார்களாம். என் சம்சாரத்துக்கு ரோஷம் வந்து, முனிரத்தினத்திடம் தட்டைக் கழற்றச் சொல்லி, சாம்பல் போட்டுத் தேய்த்து, காலை பஸ்ஸிலேயே உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை தாங்களே தட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு வரவும். வீட்டம்மாள் தரமாட்டேனென்றால் நாலு ஜோடி மாடு கொண்டுவரவும்.